குத்துக்கல் சொல்லும் கதை

உங்கள் வயலில் ஒரு பழங்கல் கிடைத்தால் என்ன செய்வீர்கள்?

"என்னடா, குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கே? எழுந்து போய் ஒரு குடம் தண்ணி கொண்டா!"

வீட்டில் சோம்பி உட்கார்ந்திருக்கும் பிள்ளையை அம்மா இப்படித்தான் விரட்டுவாள். பிள்ளையும் முனகிக்கொண்டே எழுந்து போவான். ஆனால் குத்துக்கல் என்றால் என்ன? அதை நட்டவன் யார்? எதற்காக நட்டான்? இதை அம்மாவும் சொல்வதில்லை, பிள்ளையும் கேட்பதில்லை.

சும்மா நிற்பதுபோல் தோன்றும் அந்தக் கல்லுக்கு ஒரு கதை உண்டு. சில கற்களில் ஒரு வீரனின் கதை இருக்கிறது. ஒரு கல்லில் ஒரு நாயின் கதை இருக்கிறது. சண்டை போட்டு மாண்ட சேவலுக்குக் கூடத் தமிழ்நாட்டில் கல் நட்டிருக்கிறார்கள்!

அந்தக் கதையைக் கேட்க முதலில் திருக்கடையூருக்குப் போவோம், வாருங்கள்.

எமனை வென்ற ஊர்

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்குப் போகும் சாலையில் இருக்கிறது திருக்கடையூர். அமிர்தகடேசுவரரும் அபிராமி அம்மனும் கோயில் கொண்டுள்ள ஊர். எந்த நாளில் போனாலும் அங்கே மேளச் சத்தம் கேட்கும். அறுபது வயது நிறைந்தவர்களும், எண்பது வயதைக் கண்டவர்களும் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருப்பார்கள். அப்பா அம்மாவின் கல்யாணத்தைப் பிள்ளைகள் நடத்திப் பார்க்கும் ஊர் அது. பேரன் பேத்திகள் அட்சதை போடுவார்கள்.

ஏன் இந்த ஊரில் மட்டும் இத்தனை விசேஷம்? எல்லோருக்கும் தெரிந்த கதைதான். மார்க்கண்டேயனுக்குப் பதினாறு வயதுதான் ஆயுள். எமன் பாசக்கயிற்றோடு வந்தான். பையன் ஓடிப்போய்ச் சிவலிங்கத்தை இறுகக் கட்டிக்கொண்டான். எமன் வீசிய கயிறு லிங்கத்தின் மீதும் விழுந்தது. சிவபெருமான் வெளிப்பட்டு எமனை எட்டி உதைத்தார். பையன் பிழைத்தான்.

சாவு வந்த நேரத்தில் அந்தப் பையன் கட்டிப் பிடித்தது ஒரு கல்லை! இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். செத்தவன் சாகாமல் இருக்க வேண்டும் என்றுதான் நம் முன்னோர்கள் ஊருக்கு வெளியேயும் கல் நட்டார்கள்.

வண்டல் மண்ணில் கல் ஏது?

கோயிலை விட்டு வெளியே நடந்தால் நாலு பக்கமும் நெல்வயல். வரப்பில் நின்றுகொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"பெரியவரே! இந்தப் பக்கத்து வயல்களில் பழைய கல் எதுவும் நிற்கிறதா?"

அவர் சிரித்தார்.

"தம்பி, இது காவேரி கொண்டாந்து போட்ட மண்ணு. எவ்வளவு தோண்டினாலும் வண்டலும் மணலுந்தான் வரும். இங்கே ஒரு கல்லு இருந்துச்சுன்னா, அது யாரோ எங்கேருந்தோ தூக்கியாந்த கல்லாத்தான் இருக்கும்."

பெரியவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. இந்தக் காவேரி டெல்டாவில் மலை இல்லை, பாறை இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கருங்கல் வெளியிலிருந்துதான் வந்தது. ஆகவே டெல்டாவில் ஏர்முனையில் ஒரு கருங்கல் இடித்தால், அது தானாக வந்த கல் அல்ல. யாரோ பாடுபட்டுக் கொண்டுவந்தது. காரணம் இல்லாமல் யாரும் கல்லைச் சுமக்க மாட்டார்கள்!

அப்படி வந்த கற்கள் பல வகை. கோயிலுக்கு விட்ட நிலத்துக்கு எல்லை காட்டக் கல் நட்டார்கள். சிவன் கோயில் நிலம் என்றால் அதில் சூலம் இருக்கும். பெருமாள் கோயில் நிலம் என்றால் சக்கரம் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவனும் அடையாளத்தைப் பார்த்தே நிலம் யாருடையது என்று சொல்லிவிடுவான்.

இன்னொரு வகை, புத்தர் சிலைகள். சோழ நாட்டில் ஒரு காலத்தில் பௌத்தம் செழித்தது. அந்தக் காலத்துக் கருங்கல் புத்தர்கள் இன்றும் தோப்பிலும் திடலிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். மயிலாடுதுறைப் பக்கத்தில் உள்ள பெருஞ்சேரியில் அப்படி ஒரு புத்தர் இருக்கிறார்.

"பார்த்தால் ஏன் சொல்வதில்லை?"

பெரியவரிடம் மறுபடி கேட்டேன்: "உங்கள் நிலத்தில் அப்படி ஒரு கல் கிடைத்தால் என்ன செய்வீர்கள்?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"உள்ளதைச் சொல்றேன் தம்பி. ராத்திரியோட ராத்திரியா வாய்க்கால்ல தள்ளிடுவேன். கல்லு இருக்குன்னு எழுதிக் கொடுத்தா நிலமே போயிடும்னு பயம். நமக்கு இருக்கிறதே இந்தக் கொஞ்ச நிலந்தானே!"

இதுதான் விஷயம்! கல்லைக் கண்டவன் கெட்டவன் அல்ல. அவன் பயப்படுகிறான். அந்தப் பயத்தினால் எத்தனையோ கற்கள் வாய்க்காலுக்குள் போயின. எத்தனையோ கற்கள் துணி துவைக்கும் கல்லாயின. எத்தனையோ கற்கள் சுத்தியல் பட்டுச் சாலை ஜல்லியாயின.

அந்தப் பயத்துக்கு நியாயம் உண்டா? பிறகு பார்ப்போம். முதலில், அந்தக் கல்லில் அப்படி என்னதான் இருக்கிறது?

மாட்டுக்காக மாண்டவன்

பழங்காலத்தில் மாடுதான் செல்வம். 'மாடு' என்ற சொல்லுக்கே செல்வம் என்றும் ஒரு பொருள் உண்டு. ஒரு ஊரின் மேல் பகை என்றால், முதலில் அந்த ஊர் மாடுகளை ஓட்டிக்கொண்டு போவார்கள். ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? வேலும் வில்லும் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடுவார்கள். பெரிய சண்டை நடக்கும். மாட்டைக் கவரப் போனவனிலும் சிலர் சாவார்கள். மீட்கப் போனவனிலும் சிலர் சாவார்கள்.

அப்படி இறந்தவனை ஊர் மறக்காது. அவனுக்கு ஒரு கல் நடும். அதுதான் நடுகல்.

கல் நடுவதற்கும் ஒரு முறை இருந்தது. தொல்காப்பியம் அதை ஆறு படியாகச் சொல்கிறது. நல்ல கல்லாகத் தேடிக் காண்பது காட்சி. நாள் பார்த்து அந்தக் கல்லை எடுப்பது கால்கோள். அதை நீராட்டுவது நீர்ப்படை. பிறகு நடுதல். அதன்பின் பெரும் படையல். கடைசியில் வாழ்த்து. ஒரு கல்யாணத்துக்குச் செய்வதுபோல் ஒவ்வொன்றையும் முறையாகச் செய்திருக்கிறார்கள்!

சோழ நாட்டுப் பெண் ஒருத்தி இப்படிக் கல்லாக நின்ற கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். திருக்கடையூருக்கு வடக்கே, கடலோரத்தில் இருக்கிறது பூம்புகார். அங்கே பிறந்த கண்ணகிக்குச் சேரன் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் எடுத்தான். கங்கையில் நீராட்டினான். தன் நாட்டுக்குக் கொண்டுவந்து கோயில் எடுத்தான். சிலப்பதிகாரத்தின் கடைசிப் பகுதியில் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என்ற பெயர்களிலேயே காதைகள் உண்டு.

"இதெல்லாம் புலவர்கள் எழுதியது. உண்மையில் அப்படிக் கல் உண்டா?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அந்தக் கேள்விக்கு 2006-ம் ஆண்டில் பதில் கிடைத்தது.

வைகைக் கரையில் கிடைத்த பதில்

தேனி மாவட்டத்தில், ஆண்டிபட்டி வட்டத்தில், வைகை ஆற்றை ஒட்டிப் புலிமான்கோம்பை என்று ஒரு சிற்றூர். அந்தப் பக்கத்தில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் ஆராய்ச்சியாளர்கள் ஊர் ஊராக நடந்து பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

அங்கே பழைய ஈமக்காடு ஒன்று இருந்த இடத்தில் சில கற்கள் இடம் பெயர்ந்து கிடந்தன. பெரிய கற்கள் அல்ல. சிற்பம் இல்லை, உருவம் இல்லை. சாதாரணமாகப் பார்த்தால் வேலிக்கு நடலாம் என்று தோன்றும். ஆனால் உற்றுப் பார்த்தபோது கல்லில் கீறல்கள் தெரிந்தன. அவை கீறல்கள் அல்ல, எழுத்துக்கள்! தமிழ் பிராமி என்று அறிஞர்கள் சொல்லும் மிகப் பழைய தமிழ் எழுத்து.

மூன்று கற்களில் அந்த எழுத்து இருந்தது. ஒரு கல்லில் இருந்த செய்தி இதுதான்: கூடல் ஊரில் மாடு கவர்ந்த சண்டையில் இறந்துபோன, பேடு என்ற ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவனுக்கு நட்ட கல்.

மாடு கவர்வதை அந்தக் கல் 'ஆகோள்' என்று சொல்கிறது. தொல்காப்பியத்தில் உள்ள அதே சொல்! புலவர்கள் ஏட்டில் எழுதிய சொல்லை, ஊர்க்காரர்கள் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

தீயன் அந்தவன் அரசன் அல்ல, தளபதி என்றும் கல் சொல்லவில்லை. ஊர்க்காரன் ஒருவன். அவன் இறந்து 2,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தக் காலத்துச் செல்வர் பலருடைய பெயர் நமக்குத் தெரியாது. அவன் பெயர் மட்டும் தெரிகிறது. காரணம், ஒரு கல். யாராவது அதை உடைத்து ஜல்லியாக்கியிருந்தால் அவனும் போயிருப்பான், அந்த 'ஆகோளும்' போயிருக்கும்.

பிறகு 2012-ல் புதுக்கோட்டை மாவட்டம் பொற்பனைக்கோட்டையிலும் தமிழ் பிராமி எழுத்துள்ள ஒரு நடுகல் கிடைத்தது.

நன்றியுள்ள நாய், வீரச் சேவல்

திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர் போனது. அங்குள்ள கற்களைத் தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத்துறை திரட்டிப் படித்தது. டாக்டர் இரா. நாகசாமி அவற்றை 1972-ல் 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலாக வெளியிட்டார்.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் உள்ள கல் ஒன்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது. சுமார் 1,400 வருஷத்துக்கு முந்தியது. கருந்தேவக்கத்தி என்ற வீரன் மாடுகளுக்காக நடந்த சண்டையில் விழுந்துவிட்டான். அவன் வளர்த்த நாயின் பெயர் கோவிவன். எசமான் விழுந்த பிறகும் அந்த நாய் ஓடிவிடவில்லை. இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டு, அங்கேயே காத்து நின்றது! ஊர்க்காரர்கள் எசமானுக்குக் கல் நட்டபோது நாயை மறக்கவில்லை. கல்லில் வீரனோடு நாயையும் செதுக்கினார்கள். அதன் பெயரையும் வெட்டி வைத்தார்கள்.

விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒரு சேவலுக்குக் கல் இருக்கிறது. முகையூர் மேலச்சேரிக்காகச் சண்டை போட்ட சேவல் என்று வட்டெழுத்தில் எழுதி, கீழே கம்பீரமாக அதன் உருவத்தையும் செதுக்கியிருக்கிறார்கள்.

எழுத்தே இல்லாத கல்லும் உண்டு. அவை இன்னும் பழமையானவை. நம் நாட்டில் இரும்பு புழங்கத் தொடங்கிய காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த இடத்தில் பெரிய கற்களை வட்டமாக வைத்தார்கள். சில இடங்களில் ஆள் உயரத்துக்கும் மேலான ஒற்றைக் கல்லை நிறுத்தினார்கள். நெடுங்கல் என்றும் குத்துக்கல் என்றும் சொல்வது இதைத்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களிலும் கொங்கு நாட்டிலும் இவை அதிகம். திருவண்ணாமலை மாவட்டத்து மோட்டூரில் தோளும் கையும் உள்ள மனிதன்போல் வெட்டிய ஒரு பெருங்கல் நிற்கிறது. கல்லறைகளைக் கண்ட ஊர்க்காரர்கள், "பாண்டவர் வீடு" என்று பெயர் வைத்துவிட்டார்கள். மனிதனால் தூக்க முடியாத கல் என்றால் பீமன்தானே தூக்கியிருக்க வேண்டும்!

ஏலத்துக்கு வந்த உலக அதிசயம்

சொந்த நிலத்தில் பழங்கல் நிற்பது நமக்கு மட்டும் வந்த சங்கடம் அல்ல.

இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்ச் என்ற இடத்தில் மாபெரும் கற்கள் வட்டமாக நிற்கின்றன. உலகமே போய்ப் பார்க்கும் அதிசயம். அது ஒரு காலத்தில் தனியார் சொத்தாக இருந்தது! 1915-ல் அந்த நிலம் கல்லோடு சேர்த்து ஏலத்துக்கு வந்தது. சிசில் சப் என்பவர் 6,600 பவுனுக்கு ஏலம் எடுத்தார். மூன்று வருஷம் வைத்திருந்தார். 1918-ல் அதை நாட்டுக்கே தானமாகக் கொடுத்துவிட்டார். இன்று அவர் பெயர் நிற்கிறது.

அங்கிருந்து சற்றுத் தூரத்தில் ஏவ்பரி என்று ஒரு ஊர். அங்கும் பெரிய கல்வட்டம் இருந்தது. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் வேறு விதமாக நடந்துகொண்டார்கள். கல்லைச் சுற்றி வைக்கோலைப் போட்டுக் கொளுத்தினார்கள். கல் காய்ந்ததும் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிச் சுத்தியலால் அடித்தார்கள். கல் பிளந்தது. அதைக் கொண்டு வீடு கட்டினார்கள். பல கற்கள் இப்படிப் போயின. பின்னால் வந்தவர்கள் அந்தக் கற்கள் நின்ற இடத்தில் வெறும் அடையாளத் தூண்களை நட்டு வைக்க வேண்டியதாயிற்று.

நிலம் போய்விடுமா?

இப்போது பெரியவரின் பயத்துக்கு வருவோம். சட்டம் என்ன சொல்கிறது?

மண்ணுக்குள் மறைந்து கிடந்து வெளிப்படும் பொருளுக்கு 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம் உண்டு. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஒரு வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு. ஆனால் ஒழுங்காகத் தெரிவித்தவரை அந்தச் சட்டம் தண்டிக்கவில்லை. கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் அதில் பங்கு உண்டு என்கிறது. அரசாங்கம் தானே எடுத்துக்கொள்ள விரும்பினால், அதற்கு ஈட்டுத்தொகை கொடுக்க வேண்டும். எடுப்பது புதையலைத்தானே தவிர, நிலத்தை அல்ல!

மண்ணுக்கு மேலே நிற்கும் கல்லின் விஷயம் வேறு. 1958-ம் ஆண்டு மத்திய அரசுச் சட்டமும், 1966-ம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டமும் பழஞ்சின்னங்களைக் காக்க ஏற்பட்டவை. ஒரு கல் மிக முக்கியமானது என்றால், மத்திய அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கலாம். அதற்கு முன் இரண்டு மாத அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அந்த இரண்டு மாதத்துக்குள் நிலத்துக்காரர் தம் ஆட்சேபத்தைச் சொல்லலாம். நிலம் தனியார் கையில் இருக்கும்போதே, அவரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு சின்னத்தைப் பாதுகாக்கவும் சட்டத்தில் இடம் உண்டு.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மத்திய அரசு அப்படி அறிவித்துவிட்டால், சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்ட முடியாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்க வேண்டும். ஆகவே பயத்தில் கொஞ்சம் நியாயம் உண்டுதான். ஆனால் கிடைக்கிற ஒவ்வொரு கல்லையும் இப்படி அறிவிப்பதில்லை. நாட்டில் ஆயிரக்கணக்கான பழங்கற்கள் இருக்கின்றன. அறிவிக்கப்பட்டவை அவற்றில் சிறு பகுதியே. பெரும்பாலும் ஆராய்ச்சியாளர்கள் வருவார்கள், படம் எடுப்பார்கள், அளப்பார்கள், எழுத்தைப் படி எடுப்பார்கள். கல் அங்கேயே நிற்கும். இல்லையேல் அருங்காட்சியகத்துக்குப் போகும்.

படி எடுப்பது எப்படி தெரியுமா? முதலில் கல்லைத் தண்ணீரால் சுத்தம் செய்வார்கள். நனைத்த தாளை அதன் மேல் ஒட்டுவார்கள். தூரிகையால் தட்டித் தட்டி, தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும்படி செய்வார்கள். மேலே மையை ஒற்றுவார்கள். பள்ளத்தில் மை படாது. ஆகவே கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்துத் தெரியும். இதுதான் மைப்படி. கல்லுக்கு ஒரு சேதமும் இல்லை.

கல்லைக் கண்டால்...

உங்கள் நிலத்திலோ, பக்கத்து நிலத்திலோ இப்படி ஒரு கல்லைக் கண்டால் என்ன செய்யலாம்?

முதலாவது, அசைக்காதீர்கள். கல் நிற்கும் இடமும் ஒரு சாட்சி. அதன் அடியில் பானை, எலும்பு, இரும்பு இருக்கலாம். "புதையல் இருக்கும்" என்று யாராவது சொன்னால் தோண்டிவிடாதீர்கள். ஈமக் கல்லின் அடியில் தங்கக்குடத்தைத் தேடிப் பாழாக்கிய இடங்கள் ஏராளம். கிடைத்தது பெரும்பாலும் பானை ஓடுதான்.

இரண்டாவது, சுரண்டாதீர்கள். எழுத்து நன்றாகத் தெரிய வேண்டும் என்று கம்பியால் கீறுவதும், சாயம் தீட்டுவதும் எழுத்தைக் கெடுத்துவிடும்.

மூன்றாவது, படம் எடுங்கள். இன்று எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. கல்லின் பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு எல்லாம் எடுங்கள். காலை, மாலைச் சாய்வெயிலில் எழுத்து நன்றாகத் தெரியும்.

நான்காவது, கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ எழுத்து மூலம் தெரிவியுங்கள். மாநிலத் தொல்லியல் துறைக்கும் எழுதலாம். தஞ்சை, மயிலாடுதுறைப் பக்கத்தவர்களுக்குத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கொடுத்த கடிதத்துக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, யாராவது காசு கொடுத்துக் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். பழஞ்சிலைகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடுக்க 1972-ம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. நூறு ரூபாய்க்கு ஆசைப்பட்டு, நூறு தலைமுறையின் சொத்தை விற்ற பழி நமக்கு எதற்கு?

இதையெல்லாம் வரப்பில் நின்ற பெரியவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அந்த மாட்டுக்காரன் பேரு என்னன்னு சொன்னீங்க?"

"தீயன் அந்தவன், பெரியவரே."

"ம்... செத்து ரெண்டாயிரம் வருஷமாச்சு. இன்னும் பேரைச் சொல்றோம்." கோயில் கோபுரத்தை ஒரு தரம் பார்த்தார். "நாங்க அறுபதுக்கும் எண்பதுக்கும் இங்கே வந்து மாலை மாத்திக்கிறோம். அவன் ரெண்டாயிரத்தைத் தாண்டிட்டானே! சரி தம்பி, என் கண்ணுல அப்படி ஒண்ணு பட்டா வாய்க்கால்ல தள்ளமாட்டேன். மகனை விட்டு எழுதிப் போடச் சொல்றேன்."

மேளச் சத்தம் வரப்பு வரைக்கும் கேட்டது. கோயிலில் யாருக்கோ மாலை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.